பெட்டியில் பத்து a

1963 ஜனவரி 17

தை பிறந்ததும் பிறந்தது, கிங்ஸ் சர்க்கிள் தமிழ்க் குடும்பம் பூராவும் எங்கள் அச்சகத்து வாசலில்தான் நிற்கிறது. இன்று மட்டும் நாலு இங்கிலீஷ் கல்யாணக் கார்டுக்கு எழுத்துக் கோர்த்தேன்.

கார்டில் மற்றதெல்லாம் நேரெழுத்து. மாப்பிள்ளை பேரும் பெண் பேரும் மட்டும் போல்ட் இட்டாலிக். தடித்து, வலப்பக்கம் சாய்ந்து, முனைகளில் சின்னக் கொக்கியோடு இருக்கும். ஒரு மாமா மண்டப விலாசத்தையும் அதிலேயே போடச் சொன்னார். ஒரு வரி போட்டுக் காட்டினேன். பந்தியில் எல்லாரும் ஒரே சமயத்தில் ரசம் கேட்கிற மாதிரி இருந்தது. வேண்டாம் என்றுவிட்டார். அந்த எழுத்து இரண்டு பேருக்குத்தான்.

1963 ஜனவரி 19

என் நோட்டில் எழுத எனக்கென்ன வெட்கம்?

கனகவல்லி ப்ரூப் திருத்துகிறாள். செம்பூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். முதலாளி பிரம்மநாயகத்தை அண்ணாச்சி என்பாள். மிஷின் ஓட்டுகிற மன்சூர் அலியையும் அண்ணாச்சி என்பாள். என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. எப்படியும் கூப்பிட்டதில்லை. மூன்று வருஷமாக இதை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் போல்ட் இட்டாலிக்கில் அவள் பேரைக் கோர்த்தேன். N. Kanagavalli. N என்றால் அவள் அப்பா நயினார். நூல் சுற்றி ஒரு புகையிலை டப்பாவில் வைத்தேன். பிரித்து எழுத்துப் பெட்டியில் போட இன்றுவரை மனசு வரவில்லை. ஈயத்தில் எழுத்து அந்தப் பக்கம் பார்த்துச் சாய்கிறது. காகிதத்துக்கு வந்தால்தான் இந்தப் பக்கம்.

முப்பத்திரண்டு வயசுக்காரன் பண்ணுகிற காரியமா இது?

1963 ஜனவரி 21

அடுத்த ஞாயிறு அவளைப் பெண் பார்க்க டோம்பிவிலியிலிருந்து வருகிறார்களாம். மாப்பிள்ளைக்கு ரயில்வே ஆபீஸில் வேலையாம். மன்சூர் அலியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், என் காதில் விழட்டும் என்றா, விழுந்தால் என்ன என்றா? தெரியவில்லை.

இன்றைக்கென்று வந்த கார்டு: வேங்கடசுப்ரமணியன் – ஷ்யாமளா. இந்த எழுத்தை வார்த்தவன் இங்கிலீஷ்காரன். அவனுக்கு வேண்டிய e குவிந்து கிடக்கிறது. நம்மவர் பேருக்கு a, a, a என்று வேண்டும். பெட்டியில் a மொத்தமே பத்து. மாப்பிள்ளைக்கு ஐந்து, பெண்ணுக்கு மூன்று. நாலு என் டப்பாவில். எண்ணிப் பார்த்தேன். இரண்டு குறைகிறது.

பிரித்திருக்க வேண்டும். பிரிக்கவில்லை. எழுத்து பற்றாவிட்டால் நாங்கள் செய்கிறபடி, வேறு இரண்டு எழுத்தைக் கால் மேலே இருக்கும்படி கவிழ்த்து வைத்து ப்ரூப் எடுத்தேன். ஷ்யாமளா பேருக்கு நடுவே இரண்டு கறுப்புக் கட்டை விழுந்தது. கனகவல்லி வட்டம் போட்டு அனுப்பினாள்: ‘ஆவணியில் பத்து இருந்ததே?’

முதலாளி சத்தம் போட்டார். “என்னவே காசி, ரெண்டு a-வ எலியா தின்னுட்டு?”

1963 ஜனவரி 22

பிரித்துவிட்டேன்.

பிரிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு ப்ரூப், எனக்காக. கையகலத் தாளில் அவள் பேர் மட்டும். மை காயட்டும் என்று மேஜையில் வைத்தேன். நூலை அவிழ்த்து, நாலு a-யையும் எடுத்து, ஷ்யாமளாவை முடித்து, புது ப்ரூப் எடுத்து மேஜையில் போட்டேன். மன்சூர் அலி அதை அவளிடம் கொண்டுபோனார். அப்புறம் பார்த்தால் என் துண்டுத் தாளைக் காணோம்.

ஈர மை. ப்ரூப்பின் முதுகில் ஒட்டிக்கொண்டு அவள் மேஜைக்கே போய்விட்டது. பதினாலு வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறவன், மை காயாத தாள் மேல் தாள் போடலாமா! முட்டாள்.

1963 ஜனவரி 24

இரண்டு நாளாகிறது. கார்டு ப்ரூப் மட்டும் திரும்பி வந்தது. துண்டு வரவில்லை. அவள் என்னைத் திட்டினால்கூடத் தேவலை.

1963 ஜனவரி 26

லீவு. தாராவி அறையில் உட்கார முடியவில்லை. செம்பூர் பஸ்ஸில் ஏறி, சயன் ஸ்டாப்பிலேயே இறங்கி, நடந்து திரும்பினேன். போய் என்ன சொல்வது? அவளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வேறொன்றும் வேண்டாம். பொய். எல்லாம் வேண்டும்.

1963 ஜனவரி 27

ஞாயிறு. இந்நேரம் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்.

1963 ஜனவரி 28

காலையில் அவள் நேரே என் மேஜைக்கே வந்தாள். டோம்பிவிலிக்காரர்கள் வந்தார்களா என்று கேட்டுவிட்டேன். கேட்க எனக்கு என்ன உரிமை?

“வந்தாவ. கேசரி தின்னாவ. போயிட்டாவ” என்றாள்.

பிறகு அந்தத் துண்டுத் தாளை மேஜையில் வைத்தாள். “இதுல ஒரு திருத்தம் இருக்கு. அப்பாகிட்ட காட்டிட்டுத்தான் கொண்டாந்தேன்.” சொல்லிவிட்டு அவள் இடத்துக்குப் போய்விட்டாள்.

N-ஐ அடித்திருந்தாள். ஓரத்தில், எல்லா ப்ரூப்பிலும் போடுகிற அதே நீலப் பென்சிலால், K.

என் பேரின் முதல் எழுத்து. சாப்பாட்டு வேளையில் திருத்தியபடி கோர்த்து, நூல் சுற்றி, டப்பாவில் வைத்தேன். K. Kanagavalli. பெட்டியில் பெரிய K இருந்ததே இரண்டுதான். இந்தத் தையில் எந்தக் கமலாவுக்குக் கல்யாணம் வந்தாலும் சரி, கொடுக்க மாட்டேன். முதலாளி கேட்டால் எலி தின்றுவிட்டது என்று சொல்வேன்.