பூட்டி வைத்த பொத்தான்

சாங்வி,
ஆகஸ்ட் 2005

வைஷு,

நலமா என்று எழுதி அடித்துவிட்டேன். நீ ரயில் ஏறிய நாளிலிருந்து இங்கே மழை. பால்காரரிடம் அரை லிட்டர் போதும் என்று இன்னும் சொல்லவில்லை. மீந்தது தினமும் திரிந்துபோகிறது.

வங்கி ஊழியர்களுக்காக நான் தயாரித்த ஆன்லைன் கோர்ஸ் முடிந்தது. குரலும் என்னுடையதுதான். நான் பேசி முடிக்கும்வரை திரையில் 'அடுத்து' பொத்தான் வேலை செய்யாதபடி பூட்டி வைத்திருந்தேன். ஒரு வரியைக்கூட யாரும் தாண்டிவிடக் கூடாதே!

நேற்று எங்கள் மகர்பட்டா ஆபீஸ் ரிசப்ஷனில் இருக்கும் ஃபேபியோலாவை உட்காரவைத்துச் சோதித்தோம். இங்கே பக்கத்தில் போபோடியில் வளர்ந்த தமிழ்ப் பெண். ஏழாவது நிமிடத்தில் ஹெட்போனைக் கழற்றிவிட்டாள்.

"சார், நீங்களே பேசிட்டு இருக்கீங்க. எனக்குப் புரிஞ்சுதான்னு ஒரு வாட்டியாச்சும் கேட்டீங்களா? தாண்டிப் போகவும் விட மாட்டேங்குறீங்க."

"கோர்ஸ்னா அப்படித்தான்!" என்று கத்திவிட்டேன். அப்புறம் நாற்காலியில் உட்கார முடியவில்லை. மாடிப்படியில் நாலு தரம் ஏறி இறங்கினேன். நீ பெட்டியோடு வாசலில் நின்றபோதும் நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

இன்று பூட்டை எடுத்துவிட்டேன். ஒவ்வொரு திரையிலும் ஒரு கேள்வி வைத்தேன். பதில் எழுத ஒரு காலிக் கட்டமும் விட்டேன்.

உனக்கு இன்னும் மூன்று பக்கம் எழுதினேன், என் பக்க நியாயங்களை. கிழித்துப் போட்டாயிற்று.

அன்று வாசலில் நீ என்ன சொல்ல வந்தாய்? இந்தத் தாளின் கீழ்ப்பாதியைக் காலியாக விட்டிருக்கிறேன்.

வாயை மூடிக்கொண்டு,
உன் கணவன்