கூட்டணி புரிந்தது

வீட்டில் இல்லாத என் வீட்டுக்காரிக்கு,

உன் அக்கா வீட்டில் எங்கள் பத்திரிகை வாங்குவதில்லை. அதனால் இந்த வாரச் செய்திகளை நானே எழுதி அனுப்புகிறேன்.

விலைவாசி இறங்கியிருக்கிறதாம். எனக்கு எப்படித் தெரியும்? நீ போன பிறகு மாற்றிய சிலிண்டரே இன்னும் தீரவில்லை. அறிவியல் பக்கத்தில் எறும்பைப் பற்றி வந்திருந்தது. கூட்டத்திலிருந்து எடுத்துத் தனியாக வைத்தால் அதற்குத் தின்றது செரிக்காதாம், சீக்கிரம் செத்துப்போகுமாம். எனக்கு நன்றாகவே செரிக்கிறது, கவலைப்படாதே.

அரசியலில்தான் மாட்டிக்கொண்டேன். முதல் பக்கத்தில் 'கூட்டணி பிரிந்தது' என்று வரவேண்டிய தலைப்பு 'கூட்டணி புரிந்தது' என்று அச்சாகிவிட்டது. மெய்ப்புப் பார்த்தவன் நான். இரண்டு முறை படித்தும் எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

ஆசிரியர் கூப்பிட்டார். "முப்பது வருஷமா பிழை திருத்துறீங்க. பிரிஞ்சதுக்கும் புரிஞ்சதுக்கும் வித்தியாசம் தெரியலையா?" என்றார்.

நீ ஏதாவது சொல்ல வரும்போதெல்லாம் குறுக்கே புகுந்து, "பளம் இல்ல, பழம்" என்று திருத்தியவன் அல்லவா நான்.

சமையலறைக் கதவில் நீ ஒட்டிவிட்டுப் போன சீட்டை இன்னும் எடுக்கவில்லை. 'கொஞ்ச நாள் பிரிந்திருப்போம்.' தினமும் மெய்ப்புப் பார்க்கிற கண்ணோடுதான் படிக்கிறேன். ஒரு பிழைகூட இல்லை.

அந்த ஓர் எழுத்தையாவது நீ தப்பாக எழுதியிருக்கக் கூடாதா?

இப்படிக்கு,
உன்னைப் பேசவிடாமல் திருத்தியவன்