உன் பாட்டுக்கு நான் வைத்த நவநாள்

வத்தேகம,
மார்ச் 14, சனிக்கிழமை.

அன்பு மகன் கிஷானுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் அப்பாவும் தங்கச்சி அனற்றும் நானும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அந்த மிலான் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் மன்றாடுகிறேன். ஞாயிறுதோறும் முகம் பார்த்துப் பேசுகிற அம்மாவுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். மூன்று ஞாயிறாகப் போனில் சொல்லப் பார்த்தேன், நீ சிரித்துக்கொண்டே சாப்பிட்டீங்களாம்மா என்று கேட்டதும் சாப்பிட்டேன் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறேன். றேணுகா லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை அங்கே திரும்புகிறாள், அவளிடம் இதையும் ஒரு போத்தல் சீனிச் சம்பலும் கொடுத்துவிடுகிறேன். கடிதத்தை முதலில் படி. படித்த பிறகு என் கையால் செய்த சம்பல் உனக்கு வேண்டுமா என்று நீயே முடிவு செய்துகொள்.

அப்பாவின் முழங்கால் பரவாயில்லை. பல்லேகலயில் வாச்சராகக் காவல் இருந்த வேலையை விட்ட பிறகும் காலை ஆறு மணிக்கு எழும்பி, யாரோ வேனில் வந்து ஏற்றப் போகிறார்கள் என்கிற மாதிரி சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அனற்றுக்குக் கல்யாணச் சேலை எடுக்கக் கண்டிக்குப் போய் ஐந்து கடை ஏறி இறங்கினோம், கடைசியில் முதல் கடையிலேயே எடுத்தோம். கல்யாணம் மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை, கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்து எல்லாம் சரியாகிவிட்டது. நீ டிக்கெட் போட்டுவிட்டாய் என்று கேட்ட அன்று அப்பா தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னார். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில்தான் போன கிழமை அனற் நீ எழுதியதைக் காட்டினாள். உன் கூட்டாளி லூக்காஸைப் பற்றித்தான்: அவனுக்குக் கல்யாணக் கார்டு கொடுத்தால் நான் கோயிலுக்குள் வர மாட்டேன், வெளியில் ரோட்டில் நிற்பேன் என்று எழுதியிருக்கிறாய். அவன் செய்த காரியத்துக்கு அவன் முகத்தில் முழிக்க முடியாது என்றும் எழுதியிருக்கிறாய். மகன், அந்தக் காரியத்தை அவன் செய்யவில்லை. நீ இணையத்தில் போட்ட பாட்டைப் பற்றி ரிப்போர்ட் பண்ணியது நான்.

எழுதிவிட்டேன். இனி முழுவதையும் சொல்கிறேன், கோபத்தில் பாதியில் மடித்து வைக்காதே. நவம்பர் மழையில் நீ பிறந்த தோட்டத்து லயத்து வீடுகள் சரிந்து மூன்று குடும்பம் மண்ணுக்குள் போனதும், நீ மிலானில் இருந்து பாட்டுக் கட்டினாய், லூக்காஸ் போன் கடையைப் பூட்டிவிட்டு மேலே ஏறிப் போய்ப் படம் எடுத்து அனுப்பினான். ஒரு பேர்ச் காணித் துண்டும் தராதவர்களைப் பார்த்து, மூடும்போது மட்டும் எங்கள் மண்ணா என்று நீ கேட்டிருந்தாய். முதல் தரம் கேட்டபோது நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். ஆனால் மூன்றாம் அடியில் நிவாரணத்துக்கு வந்த கூரைத் தகரத்தை ஒளித்தவர் என்று ஒரு பெரிய மனிதரின் பெயரை நேராகச் சொல்லிவிட்டாய். அதைப் பற்றி நீயும் லூக்காஸும் போனில் சண்டை போட்டதை நான் அவன் கடையில் இருந்து என் காதாலேயே கேட்டேன். கையில ஆதாரம் இல்லாம ஒருத்தன கள்ளன்னு சொல்லாதடா, கேள்வி கேளு, தீர்ப்புச் சொல்லாத என்றான் அவன். பயந்தாங்கொள்ளி என்றாய் நீ. அதனால்தான் பாட்டு காணாமல் போனதும் உன் சந்தேகம் நேராக அவனிடம் போனது. அவன் அன்றைக்கும் என்னிடம் சொன்னது இதுதான்: பேர எடுன்னு நான் சொன்னேன், பாட்ட எடுக்க எவனுக்கும் உரிமை இல்ல, பிழைன்னா அவர் பதில் சொல்லட்டும், கோட்டுக்குப் போகட்டும். அதைக் கேட்க நீ அவன் போனை எடுக்கவில்லை.

நான் ஏன் செய்தேன் என்று கேட்பாய். உன் சூசை மாமாவை நினைத்துத்தான் செய்தேன். நீ பிறக்கும் முன்னால், யுத்த காலத்தில், யாரோ கொடுத்துவிடச் சொன்ன ஒரு கசெட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தபோது பிடித்துக்கொண்டு போனார்கள், பதினொரு மாதம் உள்ளே இருந்தார். அந்தக் கசெட்டில் என்ன பாட்டு என்று பிடித்தவர்களுக்கும் விளங்கவில்லை, மாமாவுக்கும் தெரியாது, எங்கள் வீட்டில் அதைப் போட்டுக் கேட்கப் பெட்டியே இல்லை. கோயில் பாடகர் குழுவில் முதல் குரல் அவருடையது, வெளியே வந்த பிறகு பூசையில்கூட வாய் திறந்து பாடவில்லை. இப்போது இணையத்தில் போடுவதற்கே சட்டம் வந்திருக்கிறது, பிடிக்கிறார்கள் என்று நியூஸில் சொல்லச் சொல்ல எனக்கு உன் முகமும் மாமா முகமும் ஒன்றாகத் தெரிந்தது. தங்கச்சி கல்யாணத்துக்கு வந்து இறங்குகிற பிள்ளையை விமான நிலையத்திலேயே கொண்டுபோய்விட்டால் என்ன செய்வேன் என்று அந்தோனியாருக்கு நவநாள் வைத்தேன். லூக்காஸிடம் போய், ஏதோ கெட்ட வீடியோ வருகிறது, அதை எப்படி முறையிடுவது என்று பொய் சொல்லிக் கேட்டுப் பழகிக்கொண்டேன். ஒன்பது நாளும் செபம் முடிந்ததும் மெழுகுதிரியை அணைத்துவிட்டுப் போனை எடுத்து அழுத்தினேன். என்ன காரணம் என்று ஒரு பட்டியல் வந்தது, நான் முதலில் கண்ணில் பட்டதை அழுத்தினேன், வன்முறையைத் தூண்டுகிறது என்று இருந்தது. பத்தாம் நாள் உன் பாட்டு இல்லை. மகன், நான் அந்தோனியாருக்கு நன்றி சொல்லி அரை இறாத்தல் மெழுகுதிரி ஏற்றினேன். ஒருத்தி ஒன்பது தரம் அழுத்தியதற்காகவே எடுத்தார்களா, வேறு ஆட்களும் அழுத்தினார்களா என்று லூக்காஸுக்கும் தெரியவில்லை. அது எனக்கு ஆறுதலும் இல்லை, நான் அழுத்தினேன்.

இதை இப்படியே மூடிவைத்துக்கொண்டு செத்துப் போயிருப்பேன், ஜெயராணி மட்டும் அன்று மில்லுக்கு வராமல் இருந்திருந்தால். மேல் லயத்தில் வீடு போய், இன்னமும் பிள்ளைகளோடு தேயிலை ஸ்டோரில் படுக்கிறவள். மிளகாய்த் தூள் அரைக்க வரிசையில் நிற்கும்போது உன் பாட்டை முணுமுணுத்தாள். எங்கே படித்தாய் என்று கேட்டேன். அத அழிச்சிட்டாங்கக்கா, எங்க மக முந்தியே போன்ல எறக்கி வச்சிருந்தா, எங்க சனத்துக்காக எங்கயோ இருந்து ஒரு புள்ள பாடியிருக்கு, அதையும் எந்தப் பாவியோ இல்லாமப் பண்ணிட்டான் என்றாள். அந்தப் பிள்ளை என் பிள்ளை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்திருந்தால் அந்தப் பாவியும் நான்தான் என்று சொல்ல வேண்டி வரும். தும்மல் வந்த மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டு தூளை வாங்காமலே வீட்டுக்கு வந்தேன்.

தவக்காலம் என்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடவுள் மன்னிச்சிருவாரும்மா, ஆனா நீங்க இத சொல்ல வேண்டிய ஆள் நான் இல்ல என்றார். அப்பாவிடம் சொன்னேன். டீவியை நிறுத்தினார். பிறகு, காணாமப் போனத தேடித் தர்ற அந்தோனியாருகிட்ட போயி காணாமப் பண்ணச் சொல்லியிருக்கியே கத்தரீனா என்றார். அதற்குமேல் ஏசவில்லை, அந்த மட்டில் அவருக்கு நன்றி. அடுத்த நாள் லூக்காஸ் கடைக்குப் போய், வாசலில் நின்றபடியே தம்பி நான்தான் செய்தேன் என்றேன். அவன் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைக்கூடக் கீழே வைக்கவில்லை. தெரியும்மா என்றான். தைப்பொங்கல் கழிந்து என் போன் சார்ஜ் ஏறவில்லை என்று கொடுத்தேனே, அப்போதே பார்த்தானாம், உங்கள் முறைப்பாட்டுக்கு நன்றி என்று அதில் ஒன்பது செய்தி வரிசையாக இருந்ததாம். தெரிந்துகொண்டா இரண்டு மாதமாகக் கிஷானிடம் ஏச்சு வாங்கினாய் என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நான் இங்க ஊரோட இருக்கேன்மா, எனக்கு நாலு பேர் இருக்காங்க. அவன் அங்க தனியா கெடக்கான், ஞாயித்துக்கெழம பேச அவனுக்கு நீங்க வேணும், என்னோட கோவிச்சா பரவாயில்ல என்றான். கதிரையை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்து, எதிர்க் கடையில் பிளேன் டீ சொன்னான். மகன், நான் ஒரு பிள்ளையைத்தான் பெற்று அனுப்பினேன் என்று நினைத்தேன். கடவுள் இன்னொன்றை என் பக்கத்திலேயே வைத்திருக்கிறார், அதற்கு நான் எப்படி நன்றி சொல்வேன்.

முறைப்பாட்டைத் திருப்பி வாங்க முடியுமா என்றும் கேட்டேன், முடியாதாம். மேன்முறையீடு போடலாம், கணக்கு உன் பெயரில் இருப்பதால் நீதான் போட வேண்டுமாம். அம்மா பயத்தில் அழுத்தியது என்று எழுதலாமா என்று கேட்டதற்கு, அந்த லிஸ்ட்டுல அப்படி ஒரு காரணம் இல்லையேம்மா என்று சிரித்தான். நீ போடு. எனக்குப் பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், இன்னமும் இருக்கிறது. ஆனால் என் பயத்துக்காக ஜெயராணியின் வாயை மூட எனக்கு உரிமை இல்லை என்று இப்போது விளங்குகிறது. அந்த மூன்றாம் அடியைப் பற்றி மட்டும் யோசி. ஆதாரம் இருந்தால் இருக்கட்டும், இல்லையென்றால் உன் கையாலேயே எடு. நீ எடுப்பது வேறு, நான் அழித்தது வேறு. உன் பேரைப் போட்டு, முகத்தைக் காட்டி, பயப்படாமல் பாடினாயே, அந்தத் தைரியம் அன்று சூசை மாமாவிடம் இருந்து அவர்கள் பறித்துக்கொண்டது. அது நம் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது என்பதற்காகவும் ஆண்டவருக்குத் தோத்திரம் சொல்கிறேன்.

கல்யாணக் கார்டில் லூக்காஸ் பெயரை நானே எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் கொடுக்கவில்லை. நீ சொன்ன பிறகு கொடுத்தால்தான் அதற்கு மரியாதை. இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் எடுக்காதே. முதலில் அவனுக்கு எடு. என்னோடு ஒரு ஞாயிறு பேசாமல் இருக்க வேண்டும் போல் இருந்தால் இரு, இரண்டு ஞாயிறு என்றாலும் இரு, நான் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருப்பேன். மாதா உன்னைத் தன் நிழலில் வைத்துக் காப்பாள், போகிற வழியிலும் வருகிற வழியிலும் ஒரு கெட்டதும் உன்னை அணுகாது. குளிருக்குத் தலையில் எண்ணெய் வை, மறக்காதே.

அந்த ஒன்பது நாளும் உன் பாட்டை முதல் அடியில் இருந்து கடைசி வரை கேட்டு முடித்த பிறகுதான் அழுத்தினேன். இப்போது அது எனக்கு மனப்பாடம். அடுப்படியில் சத்தமாகவே பாடுகிறேன், சூசை மாமா வந்தால் கதவடியில் நின்று கேட்டுவிட்டுப் போகிறார்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்
உன் அம்மா,
வ. கத்தரீனா