காருக்கு நீ எழுதிய பட்டியல்

சைகோன்,
14 நவம்பர் 1978

அன்பு மகன் ழாக்குக்கு அம்மா எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையில் நீயும் மருமகளும் பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை ராசா. அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய் இன்றோடு பன்னிரண்டு நாள். இங்கே தபாலில் போட்டால் பிரித்துப் படிப்பார்கள், அதனால் மதராசுக்கு விமானம் ஏறுகிற சேஷாசலம் கையில் கொடுத்தனுப்புகிறேன், அங்கிருந்து பிரான்சுக்கு உனக்குப் போட்டுவிடுவார்.

கல்லறைத் திருநாளுக்கு வருசா வருசம் வுங் டாவ் கடற்கரைக்குப் போய் உன் அக்கா ஒடெட் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுவோமே, அதற்குத்தான் கிளம்பினோம். போன வருசம் நடுவழியில் ரேடியேட்டர் கொதித்து நாலு மணி நேரம் வெயிலில் நின்றதை உனக்கு எழுதப்போக, காரில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நீ பிரெஞ்சில் ஒரு பக்கம் பட்டியல் போட்டு அனுப்பினாய். அப்பா சங்கதிதான் தெரியுமே, மகன் சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது. பழைய சித்ரோவான் காரின் பின்பெட்டியில் ஒன்று விடாமல் அடுக்கினார். இருபது லிட்டர் தண்ணீர், ஒரு டின் பெட்ரோல், வண்டியை இழுக்கக் கயிறு, டார்ச் லைட், எனக்குக் காரில் குமட்டும் என்று வாந்தி மாத்திரை, மூன்று நாளைக்கு வறுத்த அரிசி, பிஸ்கோத்து. கல்லறைக்குப் போகிறோமா படையெடுக்கிறோமா என்று நான்கூடக் கேலி பண்ணினேன். எனக்கும் உறைக்கவில்லையே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க.

சோதனைச் சாவடியில் போலீஸ்காரன் பின்பெட்டியைத் திறக்கச் சொன்னான். பார்த்ததும் அவன் முகமே மாறிப்போனது. கடற்கரைக்கு இத்தனை தண்ணீரும் பெட்ரோலும் வாந்தி மாத்திரையுமாய் யார் போவான், படகேறி நாட்டைவிட்டு ஓடுகிறவன்தான் போவான் என்றான். மெழுகுவத்தியைக்கூடப் படகுக்குக் காட்டுகிற வெளிச்சம் என்று எழுதிக்கொண்டான். பயண அனுமதிச் சீட்டைக் காட்டினோம், எடுபடவில்லை. கல்லறை பக்கத்தில்தான் ஐயா, வந்து பிள்ளை பேரைப் பாருங்கள் என்று காலில் விழுந்தேன். ஒருத்தரும் வரவில்லை. மறுநாள் என்னை விட்டுவிட்டார்கள், அவரை வைத்துக்கொண்டார்கள்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அவர் சட்டைப் பையில் உன் பட்டியல் இருந்தது. யார் எழுதியது என்று கேட்டால் இந்த மனுசன் நான்தான் என்று சாதிக்கிறார். கையெழுத்து பொருந்தவில்லை, ஆட்களைப் படகில் அனுப்புகிற கூட்டத்தான் எவனோ எழுதிக் கொடுத்திருக்கிறான், அவன் பெயரைச் சொல்லும்வரை விடமாட்டோம் என்கிறார்கள். வியாழக்கிழமை ஐந்து நிமிடம் பார்க்க விட்டார்கள். சர்க்கரை மாத்திரை இல்லாமல் கால் வீங்கி, கண் மங்கி, நான் வந்து நின்றதே தெரியாமல் உட்கார்ந்திருந்தார் ழாக். உண்மையைச் சொல்லித் தொலையுங்களேன் என்று அழுதேன். அடியே, அவன் பேரு இவங்க ஃபைல்ல ஏறிட்டா அப்புறம் இந்த ஊருக்குள்ள அவனைக் கால் வைக்க விடமாட்டாங்க, பெத்த புள்ளையப் பாக்காமலே போய்ச் சேருவ, வாயத் தொறக்காத என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அந்தச் சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன், பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன். பட்டியலை உன் கையால் மறுபடி அப்படியே எழுது. கீழே, நான் இவர் மகன், வழியில் வண்டி பழுதானால் உதவட்டும் என்று எழுதி அனுப்பினேன் என்று போட்டு, உங்கள் ஊர் நகராட்சியில் முத்திரை வாங்கி, இங்குள்ள பிரெஞ்சு கோன்சல் ஆபீசுக்கு அனுப்பு. ஒரு நாளும் தாமதிக்காதே, அவர் உடம்பு தாங்காது. அதற்கப்புறம் உன்னை இங்கே வர விடமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், தெரிந்துதான் கேட்கிறேன். அம்மாவுக்குப் பிள்ளை பாசம் இல்லையென்று நினைக்காதே. நீ அங்கே நன்றாயிருக்கிறாய் என்ற நினைப்பிலேயே நான் இருந்துகொள்வேன், அவர் காவலில் கிடக்கிற நினைப்பில் என்னால் ஒரு வாய் சோறு இறக்க முடியவில்லை.

மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். நான் கேட்டு எழுதினேன் என்று எந்தக் காலத்திலும் அப்பாவிடம் சொல்லாதே. நீயும் மருமகளும் பிள்ளையும் சேர்ந்து நிற்கிற போட்டோ ஒன்று கூட வைத்து அனுப்பு, முகம் தெரிகிற மாதிரி பெரிதாக. இனி எனக்கு அதுதானே.

உன் அம்மா,
மார்கரித்