வாசலில் வைத்த குங்குமத் தட்டு

மயிலாப்பூர்,
யுவ வருஷம் புரட்டாசி 30

சிரஞ்சீவி அனந்தராமனுக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். இவ்விடம் யாவரும் க்ஷேமம் என்று எழுதித்தான் இத்தனை நாளும் ஆரம்பித்திருக்கிறேன், இன்றைக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. உன் அப்பா சௌக்கியம், நானும் இருக்கிறேன், உன் அகமுடையாள் நீரஜா ஏழு மாதக் கர்ப்பத்தோடு இன்புளூயன்ஸா ஜுரத்தில் படுத்து ஒரு வாரம் ஆகிறது. உயிருக்குப் பயமில்லை, அவ்வளவு மட்டும் இப்போது தெரிந்துகொள். மற்றதைக் கடைசியில் எழுதுவேன். நடுவில் இருப்பதைத் தாண்டிக்கொண்டு போய்க் கடைசியை மட்டும் படித்தாயானால் நான் உனக்கு அம்மா இல்லை, நீ எனக்குப் பிள்ளை இல்லை.

எதிர்வீட்டு ஜானுவை உனக்கு நினைவிருக்கும், கல்யாணமாகி வந்த புதிதில் நீரஜாவுக்குக் கோலம் சொல்லிக் கொடுத்தாளே, அவள்தான். அவளுக்கும் ஆறு மாதம். நவராத்திரிக்கு முந்தின வாரம் தலைவலி என்று படுத்தவள் எழுந்திருக்கவேயில்லை, வயிற்றிலிருந்ததும் அவளோடு போயிற்று. பார்க்க வந்த லேடி டாக்டர் படியிறங்கும்போது என்னைக் கூப்பிட்டு, இந்த ஜுரம் கர்ப்பிணிகளைத்தான் அதிகம் வாட்டுகிறது, உங்கள் வீட்டுப் பெண்ணைக் கூட்டத்தில் விடாதீர்கள், இருமுகிறவர்கள் யாரையும் பக்கத்தில் சேர்க்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாள். கூட வந்த ஆயா கெங்கம்மா ரிக்‌ஷாவில் ஏறுமுன் திரும்பி நின்று, "டாக்டரம்மா சொன்னது காதுல வுழுந்துதா மாமி, ஊரெல்லாம் இருமிக்கினு கீது, பொண்ணை வெளில வுட்டுடாதே" என்றாள். காதில் நன்றாக விழுந்தது. இதைத்தான் நான் செய்தேன். இதற்குத்தான் நீ என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினாய்.

கொலு வைக்காமல் நான் இருக்கவில்லை. ஐந்து படி கட்டி, நீ பம்பாயிலிருந்து அனுப்பின செட்டியார் பொம்மை முதற்கொண்டு எல்லாம் வைத்தேன். கதவை மட்டும் தாழ்ப்பாள் போட்டேன். வாசற்படியில் ஒரு மணை போட்டு அதன்மேல் ஒரு தட்டில் குங்குமம், மஞ்சள், வெற்றிலை பாக்கு, தொன்னையில் சுண்டல் எல்லாம் வைத்து, நான் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பொம்மையை ஜன்னல் வழியாகவே பார்க்கட்டும், பாடத் தெரிந்தவள் தெருவிலிருந்தே பாடட்டும். நாள் கிழமையில் வந்த சுமங்கலியை வெறும் நெற்றியோடு அனுப்பினேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் சொன்னார்கள். "பிச்சைக்காரிக்குப் போடறாப்பல வாசல்ல வச்சுண்டு உக்காந்திருக்காளே" என்று என் காதுபடவே சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன். உன் மாமியாரால் அப்படி இருக்க முடியவில்லை. தியாகராய நகரிலிருந்து வந்து தட்டைப் பார்த்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பிப் போனாள், மாமியார்க்காரி தன் பெண்ணைச் சிறையில் போட்டிருக்கிறாள் என்று உனக்கு எழுதிப் போட்டாள்.

நீ என்ன செய்திருக்க வேண்டும்? அம்மா, ஏன் இப்படிச் செய்தாய் என்று எனக்கு ஒரு கார்டு போட்டுக் கேட்டிருக்க வேண்டும். தந்தியா அடிப்பது? தந்திச் சேவகனைக் கண்டதும், பம்பாயிலும் இதே ஜுரம் என்று பேப்பரில் போட்டிருந்ததால் உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து அழுதுவிட்டேன், தெருவே வாசலில் கூடிவிட்டது. உன் அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தால், மாமியாரை உள்ளே விடவும் என்று மூன்றே வார்த்தை. பெற்றவளுக்குத் தந்தியில் உத்தரவு போடுகிற அளவுக்குப் பெரிய மனிதனாகிவிட்டாய். உன் அப்பாவும் பிள்ளை சொல்கிறானே, சம்பந்தி வீட்டுப் பொல்லாப்பு நமக்கு எதற்கு, ஒரு நாள்தானே என்று மழுப்பினார். சரஸ்வதி பூஜையன்று தாழ்ப்பாளை எடுத்தேன். உன் பேச்சைக் கேட்டு எடுத்தேன், அதை நீ மறக்கக் கூடாது.

சம்பந்தியம்மாள் பட்டுப்புடைவை கட்டிக்கொண்டு வந்தாள், நேரே உள்ளே போய்ப் பெண்ணின் முகத்தை இரண்டு கையாலும் வழித்துத் திருஷ்டி கழித்தாள், குங்குமம் இட்டாள், பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு கரகரத்த தொண்டையில் இரண்டு பாட்டும் பாடினாள். போகும்போது என்னிடம் தாம்பூலம் வாங்கிக்கொண்டாள், அப்போதுதான் அந்தக் கை என்மேல் பட்டது, அடுப்பிலிருந்து இறக்கின பாத்திரம் மாதிரி கொதித்தது. ஜுரமா என்று கேட்டேன். "வெயில்ல வந்தேன், அவ்வளவுதான்" என்றாள். அப்புறம்தான் தெரிகிறது, அவர்கள் வீட்டில் நாலு பேர் படுத்திருக்கிறார்கள், இவளுக்கும் முதல் நாளே கண்டிருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "நாளும் கிழமையுமா ஜுரம்னு வாயால சொல்லலாமோ, அமங்கலமில்லையோ" என்கிறாள். ஜுரத்தைச் சொன்னால் அமங்கலமாம், அதைத் தூக்கிக்கொண்டு வந்து மாசமாயிருக்கிற பெண்ணின் முகத்தில் தடவினால் மங்கலமாம்! எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. மூன்றாம் நாள் நீரஜா படுத்தாள்.

பின்கட்டு அறையில் ஜன்னலைத் திறந்து போட்டு அவளை வைத்திருக்கிறேன். நான் ஒருத்திதான் உள்ளே போகிறேன், முந்தானையை மூக்கை மூடிக் கட்டிக்கொண்டு போகிறேன், வெளியே வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுகிறேன். அவள் டம்ளர் தனி, தட்டு தனி, துணியெல்லாம் வெந்நீர் அண்டாவில் கொதிக்கிறது. ஜுரம் ஏறின ராத்திரிகளில் ஈரத்துணி மாற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், பிதற்றலில் அவள் ஜானுவைக் கூப்பிட்டாள், அந்தப் பயத்தை எழுத எனக்குத் தெம்பில்லை. உன் மாமியார் ஜுரம் தெளிந்து எழுந்துவிட்டாள். இப்போது தினமும் வந்து, தட்டு வைத்திருந்த அதே இடத்தில் நின்று ஜன்னல் வழியாக, "எப்படி இருக்கா" என்று கேட்டு அழுகிறாள். பெற்ற வயிறு, எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது. காப்பி ஆற்றி மணைமேல் வைக்கிறேன். கதவை மட்டும் திறப்பதில்லை.

நீரஜா படுத்ததை உன் மாமியார் எழுதிவிட்டாளாக்கும், நேற்று வந்த உன் கடிதத்தில், மெஸ்ஸில் மூன்று பேருக்கு ஜுரம் என்று ஒரு வரி, லீவு கேட்டிருக்கிறேன், உடனே புறப்படுகிறேன் என்று அடுத்த வரி. உனக்குப் புத்தி இருக்கிறதா? அந்த மெஸ்ஸை விட்டு வேறு இடம் பார். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, இருமுகிறவன் பக்கத்தில் படுக்காதே, கூட்டமான டிராமில் ஏறாதே. ஒரு வாரம் உடம்பு சரியாக இருந்தால் மட்டும் ரயில் ஏறு. வந்தாலும் நேரே இங்கே வராதே, ராயப்பேட்டையில் மாமா வீட்டு மாடியில் நாலு நாள் தனியாக இரு. அப்புறம் வந்து நீயும் வாசலில்தான் நிற்பாய், மணை அங்கேயேதான் போட்டிருக்கிறது. உள்ளே விடச் சொல்லித் தந்தி அடித்தால் கிழித்து அடுப்பில் போடுவேன்.

இன்று காலை ஜுரம் இறங்கிவிட்டது, ஒரு டம்ளர் கஞ்சி குடித்தாள். டாக்டர் வந்து பார்த்து, இனிப் பயமில்லை என்றாள். ஆனால் நாலு நாளாக வயிற்றில் அசைவே சரியாகத் தெரியவில்லை என்று நீரஜா என்னிடம்கூடச் சொல்லாமல் அழுதுகொண்டிருந்திருக்கிறாள். மத்தியானம் உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன், புறப்படுகிறேன் என்று நீ எழுதின இடம் வந்ததும் அம்மா என்று கத்தி, என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். நன்றாக ஓங்கி ஒரு உதை. அது எனக்கு விழுந்ததல்ல, உனக்கு. வாங்கிக்கொண்டு நூறு வயது சௌக்கியமாக இரு. கஷாயப் பொடி தனியே பார்சலில் அனுப்பியிருக்கிறேன், தினமும் போட்டுக் குடிக்க மறக்காதே.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தணியாத உன் அம்மா
தர்மாம்பாள்