பழைய விண்டோஸைத் திரும்பப் போட்டுவிட்டேன், மச்சாள்

கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்க அதையே தேடும் என் மச்சாளுக்கு,

நீங்கள் போய் இருபத்திரண்டு நாளாகிவிட்டது. காலையில் உங்கள் படத்துக்கு நித்தியகல்யாணி வைத்தேன். செவ்வரத்தை இன்றைக்குப் பூக்கவில்லை. குளத்துத் தண்ணீர் இந்தமுறை சிறுபோக நெல்லுக்குப் போதுமாம். நீங்கள் கட்டாயம் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன்.

முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்க உங்களுக்கும் கல்வெட்டு அடிக்கவேண்டும். இறந்தவரின் வரலாறும் தேவாரமும் குடும்பத்தின் நன்றியும் சேர்ந்த அந்தச் சின்னப் புத்தகத்தை அக்கராயனில் எத்தனை வீட்டுக்கு அடித்துக் கொடுத்திருப்பீர்கள்? உங்களுக்கு யார் அடிப்பது என்று ஒருநாளாவது யோசித்தோமா?

அதற்கு முன் ஒன்று சொல்லவேண்டும். உங்கள் லப்டொப் பழுதாகவில்லை, மச்சாள். நான்தான் அதில் உங்கள் புத்தகம் அடிக்கிற புரோகிராமைத் திறக்கவிடாமல் செய்தேன்.

ஆஸ்பத்திரியால் வந்த பிறகும் கட்டிலில் சாய்ந்தபடி கல்வெட்டு அடித்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு பக்கம் மருந்து, ஒரு பக்கம் திருநீறு, மடியில் செத்த ஒருவரின் படம். சாமி விளக்கோடு அந்த அறைக்குள் வரும்போதெல்லாம் அந்தப் படத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்புவேன். வருத்தக்காரர் படுத்திருக்கிற இடத்தில் சாவைப் பற்றி எழுதினால் அது இந்த வீட்டுக்குள் வந்துவிடும் என்று பயந்தேன். உங்களிடம் வாய்விட்டுச் சொல்லவும் பயம். தூசு தட்டவேண்டும் என்று பொய் சொல்லி, கிளிநொச்சிக் கடைக்குக் கொண்டுபோய்ப் புது விண்டோஸ் போடச் சொன்னேன்.

"அக்கா, புதுசு போட்டா அவாட அந்தப் பழைய புத்தகம் அடிக்கிற புரோகிராம் வேலை செய்யாது. பறவாயில்லையோ?" என்று கேட்டார் கடைக்காரர்.

"பறவாயில்லை. போடுங்கோ."

அந்த இரண்டு சொல்லையும் நான் தெரிந்துதான் சொன்னேன்.

"என்ன பிள்ளை, உது திறக்குதில்லை?" என்று கேட்டீர்கள். பழுதாம், சாமான் கொழும்பால் வரவேண்டுமாம் என்றேன். "எப்பவாம்?" அடுத்த கிழமையாம். நாலு தடவை கேட்டீர்கள். பிறகு கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை, மச்சாள்? என் முகத்தில் ஏதாவது தெரிந்ததா?

அப்போது பாதியில் நின்றது ராமையா அண்ணையின் கல்வெட்டு. கிணறு வெட்டுகிற ராமையா அண்ணை. மலைநாட்டிலிருந்து சிறுவயதில் வந்து, இந்தப் பக்கத்து மண்ணுக்குள்ளேயே பாதி ஆயுளைக் கழித்தவர். அவருடைய மகள் தெய்வானை, அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்து உங்களுக்கு முன் இருந்தது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. "எங்க ஆளுங்களுக்கு இந்த வழக்கமில்லங்க. ஆனா இந்த ஊருல எல்லாருக்கும் அடிக்கிறாங்க. எங்கப்பாவுக்கும் வேணும்" என்றார். இரண்டு பின்னேரம் அவரோடு கதைத்துக் குறிப்பெடுத்தீர்கள்.

தகப்பனின் முப்பதாம் நாள் தெய்வானை புத்தகத்துக்கு வந்தார். நீங்கள் மருந்து மயக்கத்தில் நித்திரை. நான் வாசல் படலையில் நின்றே, மெசின் பழுது என்று அனுப்பிவிட்டேன். "சரிங்க அக்கா" என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

உங்கள் கல்வெட்டை டவுனில் கொடுத்து அடிப்போம் என்றார் இவர், உங்கள் தம்பி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ராமையா அண்ணை லப்டொப்புக்குள் இருக்கிறாரே, அவரை வெளியில் எடுக்கவேண்டாமா? அலுமாரியில் உங்கள் சேலைக்குக் கீழே பழைய விண்டோஸ் சீடித் தட்டும் அந்தப் புரோகிராம் தட்டும் கடதாசியில் சுற்றி இருந்தன. மேலே உங்கள் கையெழுத்தில், போடும்போது கேட்கிற நீளமான இலக்கம்.

கடைக்காரருக்குப் போன் எடுத்தேன். "அக்கா, பழசைத் திரும்பப் போட்டா உள்ளுக்குள்ள இருக்கிறது எல்லாம் அழியும். பிறகு என்னை ஏசக்கூடாது, சொல்லிப்போட்டன்."

எனக்குக் கணினி யார் படிப்பித்தது? உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்ததுதான். கடைக்காரர் சொன்ன ஒவ்வொரு படியையும் வீட்டுக் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதினேன். உங்கள் கோப்புகளை எண்ணினேன்: முந்நூற்றுப் பன்னிரண்டு. பென்டிரைவில் ஏற்றிவிட்டுத் திரும்ப எண்ணினேன்: முந்நூற்றுப் பதினொன்று. ஒவ்வொன்றாகத் தேடினேன். திரையில், உங்கள் பூனைப் படத்துக்குப் பக்கத்தில் ஒன்று தனியாகக் கிடந்தது. பெயர், ராமையா. எண்ணாமல் விட்டிருந்தால்?

மூன்றாம் தடவைதான் லப்டொப் தட்டிலிருந்து தொடங்கியது. எல்லாம் அழியப்போகிறது, சம்மதமா என்று ஆங்கிலத்தில் கேட்டது. பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு அழுத்தினேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிருக்கும். பழைய நீல நிறம் வந்தது. எழுத்தெல்லாம் தடித்துப்போய் நின்றதற்கும் போனில்தான் வழி கேட்டேன். "அக்கா, கடையில உங்களுக்கொரு கதிரை போடட்டோ?" என்று சிரித்தார் கடைக்காரர்.

புரோகிராமையும் போட்டு, பென்டிரைவில் இருந்த ராமையா கோப்பைத் திறந்தேன். உங்கள் வரிகள் இருந்தன. 'அவர் வெட்டிய கிணறுகள் பதினேழு. பதினாறில் தண்ணீர் வந்தது. வராத ஒன்றைப் பற்றித்தான் கடைசிவரை கதைத்தார்.' அதற்குக் கீழே, 'மகள் தெய்வானை சொல்வதாவது' என்று எழுதி நிறுத்தியிருந்தீர்கள். அதற்குமேல் நானாக எழுத முடியாது. தெய்வானையிடம் போனேன்.

வெயிலில் கச்சான் கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க அக்கா. அந்தம்மா போயிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். நான் வரல."

"ஏன் வரேல்லை?"

"சொன்னா சங்கடப்படுவீங்க."

"சொல்லுங்கோ, தெய்வானை."

"மலைநாட்டு ஆளுக்கு எதுக்குப் புஸ்தகம்னு நீங்க ரெண்டு பேரும் நெனச்சிட்டீங்கன்னு இருந்தேன். பெரிய வீட்டுச் சாவுன்னா மெசின் ஓடியிருக்கும்ல?"

மச்சாள், நான் பயந்தது ஒன்று, அவர் வீட்டில் போய் இறங்கியது வேறொன்று. இத்தனை நாளும் உங்களையும் அல்லவா அவர் அப்படி நினைத்திருக்கிறார்? வரப்பில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். கச்சானில் இருந்த மண்ணை உதறிக்கொண்டே இருந்தார்.

"அப்ப அந்தம்மா எழுதிக்கிட்டுத்தான் இருந்தாங்களா?"

"ஓம். உங்கட கதைக்கு இடம் விட்டிட்டு நிக்கிறா. நீங்கள் சொன்னால்தான் முடியும்."

"சொன்னா அப்படியே போடுவீங்களா?"

"போடுவன்."

"எழுதிக்கங்க. கெணத்துல மொதத் தண்ணி வந்ததும் எங்கப்பாதான் மேல அனுப்புவாரு. வீட்டுக்காரங்க செம்புல குடிப்பாங்க. அவருக்குத் தேங்காச் செரட்டையில ஊத்துவாங்க. உங்க வீட்டுக் கெணத்துலயும் அப்படித்தான்."

அது மாமி இருந்த காலம். நான் இந்த வீட்டுக்கு வரமுதல். நீங்கள் அப்போது இங்கேதான் இருந்தீர்கள், இல்லையா? பார்த்தீர்களா? அதற்காகத்தான் அந்த இரண்டு பின்னேரமும் அவரைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்துக் கதை கேட்டீர்களா?

இந்தக் கடிதத்தை உங்கள் கல்வெட்டின் கடைசிப் பக்கத்தில் போடப்போகிறேன் என்றதும் உங்கள் தம்பி கோபப்பட்டார். "இஞ்சரும், அம்மாவையும் இழுத்து, அக்காவையும் இழுத்து... சனம் என்ன கதைக்கும்?"

"சனம் ஏற்கனவே பிழையாய்க் கதைச்சிட்டுதப்பா. அக்காவைப் பற்றித்தான்."

கிணற்றடிப் பக்கம் திரும்பினார். "சிரட்டை எனக்கும் ஞாபகம் இருக்கு" என்றார்.

மச்சாள், தெய்வானை சொன்னதில் ஒரு சொல்லும் குறைக்கமாட்டேன். நான் இரண்டு விரலால் அடிக்கிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். ராமையா அண்ணையின் புத்தகம்தான் முதலில் அச்சுக்குப் போகும், உங்களுடையது பிறகு. முப்பத்தோராம் நாளுக்குள் இரண்டையும் முடிக்க முடியாமல் போனால், இந்தத் தடவை காத்திருக்கப்போவது நீங்கள்தான்.

உங்கள் தம்பியின் பெண்சாதி,
பவளம்