உள்ளே உம்முடைய தட்டு, வெளியே நாங்கள்

என் அன்பின் தவத்துக்கு,

நீர் இருந்தபோது நான் உமக்கு ஒரு வரி எழுதியவன் இல்லை. எழுத என்ன இருந்தது? ஒரே வீட்டில், ஒரே அடுப்பைச் சுற்றி இருந்தோம். இப்போது எழுதுவது போன புதன்கிழமை எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லத்தான். வேறு யாரிடம் சொன்னாலும் ஒன்று சிரிப்பார்கள், இல்லாவிட்டால் அழுவார்கள். நீர் இரண்டும் செய்யமாட்டீர். "பிறகு?" என்று கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவுவீர்.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆரணி ஓல்போர்க்கிற்குப் போகிறாள். தாதிப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. இங்கே எங்கள் கோல்டிங்குக்குக் கிட்டவும் அதே படிப்பு இருக்கிறது. பிள்ளை நாட்டின் அடுத்த மூலையைத் தேடிப் பிடித்திருக்கிறாள். அறையும் பார்த்துவிட்டாள், ரயில் டிக்கெட்டும் எடுத்துவிட்டாள். ஏன் அவ்வளவு தூரம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான்.

நீர் போன பிறகு நாங்கள் இருவரும் இந்த வீட்டில் பஸ் தரிப்பில் நிற்கிற இரண்டு பேரைப் போலத்தான் இருந்தோம். அவள் சிநேகிதி வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவாள், அல்லது தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். உம்மோடு மட்டும்தான் அவள் தமிழ் கதைத்தவள் என்பது உமக்குத் தெரியும். உம்மோடு அதுவும் போய்விட்டது. நான் தமிழில் கேட்பேன், அவள் டேனிஷில் இரண்டு சொல் சொல்வாள், அத்தோடு அன்றைய கதை முடிந்துவிடும்.

பிள்ளை படிக்கப் போவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, தவம். ஒரு நாள்கூட என்னோடு இருந்து சாப்பிடாமல் இப்படியே போய்விட்டால், பிறகு அவள் எதற்காகத் திரும்பி வர வேண்டும்? பெருநாள் திருநாளுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்று சுகம் விசாரித்துவிட்டுப் போகிற பிள்ளைகளை நாங்கள் இங்கே எத்தனை வீட்டில் பார்த்துவிட்டோம். அந்தப் பயத்தோடுதான் இந்த மாதம் முழுவதும் நித்திரை கொண்டு எழும்பினேன்.

வருகிற ஞாயிறு உம்முடைய ஆட்டைத் திவசம். ஒரு வருஷம் ஆகிவிட்டது என்று நாள்காட்டி சொல்கிறது, நான் நம்பவில்லை. ஹ்விடோவ்ரேயில் இருந்து பெரியக்கா போனிலேயே எல்லா ஆயத்தமும் செய்கிறா. மரக்கறிச் சமையல், ஐயர், யார் யாருக்குச் சொல்ல வேண்டும், எல்லாம் அவ கையில். எனக்குத் தந்த வேலை ஒன்றுதான்: வீட்டில் மீன், இறைச்சி என்று ஒரு துண்டு மச்சம் இருக்கக் கூடாது, குளிர்ப்பெட்டியைத் துப்புரவாக்கு. என்னுடைய அக்கா சொன்னால் மறுபேச்சு ஏது. திங்கட்கிழமை வேலையால் வந்ததும் குனிந்து நின்று ஒவ்வொன்றாக எடுத்தேன். தேங்காய்ப்பூப் பைகளுக்குப் பின்னால், பனிக்கட்டி பிடித்தபடி, ஓடு உரிக்காமல் கோதோடு ஒரு பை றால் கிடந்தது. நான் வாங்கியதில்லை. நீர் வாங்கிவைத்ததாக்கும் என்று நினைத்ததும் என் கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு மனதைக் கல்லாக்கிக்கொண்டு குப்பைப் பையைத் திறந்தேன்.

ஆரணி பின்னால் நின்றிருக்கிறாள். அது தன்னுடையது என்று டேனிஷில் சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிய வந்தது. நீர் போன எட்டாம் நாள், எட்டுச் செலவு அன்று, செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்துப் படைக்கிற நாள் என்று யாரோ சொல்லக் கேட்டு, பிள்ளை தானே கடைக்குப் போய் றாலும் ஸ்பகெட்டியும் வாங்கி வந்திருக்கிறாள். குசினி நிறையச் சமைக்கிற பொம்பிளைகள். நான் கீழே கார் நிறுத்துமிடத்தில் ஆம்பிளைகளோடு நின்றேன். பெரியக்கா அந்தப் பையைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, அது வெள்ளைக்காரற்ற சாப்பாடு. உன்ர கொம்மாவுக்கு அதையோ படைக்கிறது?" என்று கேட்டாவாம். ஆரணி பையைக் குளிர்ப்பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள்.

அக்காவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. விடிய வெளிக்கிட்டு ரயிலில் வந்து, நின்ற நிலையில் அவ்வளவு கறியும் சமைத்தவ. ஆனால் அன்றைய படையலில் நண்டு இருந்தது, தவம். நண்டு சாப்பிட்டால் உமக்கு மேலெல்லாம் சொறியும். அது அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்த பிள்ளையை ஒருவரும் கேட்கவில்லை.

"புதன்கிழமை இதைச் சமைப்பமோ?" என்று ஆரணியிடம் கேட்டேன். உங்களுக்கு விருப்பமென்றால் சமைக்கலாம் என்பது போலத் தோளைக் குலுக்கினாள். மாட்டேன் என்று சொல்லவில்லையே, அது போதும் என்றிருந்தது.

புதன் ஏன் என்று உமக்கு விளங்கும். செவ்வாய் மரக்கறி, வெள்ளி மரக்கறி. இடையில் வருகிற புதன்தான் எப்போதும் உம்முடைய பாஸ்தா நாள். முதியோர் இல்லத்தில் பகலெல்லாம் கிழடுகளைத் தூக்கிப் பிடித்துக் குளிப்பாட்டிவிட்டு வருவீர். மேற்கோட்டைக் கழற்ற முன்னமே அடுப்பில் தண்ணீர் ஏறிவிடும். தண்ணீர் கொதித்து ஸ்பகெட்டி வேகிற நேரத்துக்குள் மற்ற எல்லாம் முடிந்துவிடும். நான் செய்தி பார்க்க உட்கார்ந்தால், வானிலை சொல்ல முன்னம் தட்டு வரும்.

அது உமக்குத்தான் லேசு. எங்கள் இருவருக்கும் அந்தக் குசினியில் இடம் போதாமல் போய்விட்டது. றாலின் கோதை நான் கழற்ற, அவள் அதை வெண்ணெயில் உள்ளிப்பூண்டோடு போட்டுச் சிவக்க வதக்கினாள். அந்தக் கோதில்தான் ருசி எல்லாம் இருக்கிறது என்று நீர் சொல்வீராம். பிறகு கோதை அள்ளிப் பையில் போட்டுவிட்டு, அதே சட்டியில் வெங்காயம், பச்சைமிளகாய், ஒரு கரண்டி எங்கள் யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள், மேலே பாலாடை. நான் அவசரப்பட்டு றாலை அள்ளிப் போட்டேன். அவள் கொஞ்சநேரம் பார்த்துநின்று, சட்டியைச் சட்டென்று அடுப்பால் இறக்கிவிட்டாள். றால் வளைந்தால் போதுமாம், சுருண்டால் ரப்பராம். டேனிஷில்தான் சொன்னாள், ஆனால் சொன்ன விதம் அச்சொட்டாக நீர்தான்.

மணம் எழும்பியதும் நான் யன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். எனக்கு ஆஸ்பத்திரி நினைவு வந்துவிட்டது. கடைசிக் கிழமை ஆரணி இதே பாஸ்தாவைச் செய்து பெட்டியில் கொண்டுவந்தாளே. உமக்கு அப்போது தண்ணீரே இறங்கவில்லை. வயிறு முழுக்கப் பரவிவிட்டது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நீர் பெட்டியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, "வையும் பிள்ளை, நான் பிறகு சாப்பிடுறன்" என்றீர். பெட்டி கட்டிலுக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது. அடுத்த நாள் தாதி வந்து கேட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போனா. அந்தப் "பிறகு" வரவே இல்லை.

உம்முடைய படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றினேன். ஆரணி உம்முடைய நீலக்கரைத் தட்டில் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, முள்ளுக்கரண்டியும் வைத்தாள். நான் கும்பிட்டுவிட்டுத் திரும்பினால், பிள்ளை வாசலில் நிற்கிறாள். கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்க வேண்டும், அப்போதுதான் அம்மா வந்து சாப்பிடுவா என்று டேனிஷில் சொல்கிறாள். எட்டுச் செலவில் எல்லோரும் அப்படித்தானே நின்றோம். பிள்ளை ஒன்றையும் மறக்கவில்லை. இருவரும் வெளியே வந்தோம், அவள் கதவை இழுத்துச் சாத்தினாள்.

டக் என்றது. எங்கள் கதவுதான் உமக்குத் தெரியுமே, சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். எட்டுச் செலவு அன்று திறப்பு பெரியக்காவின் கையில் இருந்தது. புதன்கிழமை அது உள்ளே ஆணியில் தொங்கியது. இருவருடைய போனும் உள்ளே. இந்தக் குளிரில் பிள்ளை வெறும் காலுறையோடு நிற்கிறாள். உள்ளே விளக்கு எரிகிறது.

நான் கதவைத் தோளால் இடித்துப் பார்த்தேன். செத்தவருக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு உயிரோடிருப்பவர் படிக்கட்டில் நிற்கிற கூத்து எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் வரும். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. உம்மிலும்தான், பொய் சொல்லவில்லை. மிஞ்சியிருப்பது இந்தப் பிள்ளையும் இந்த வீடும்தான், அதையும் விளக்கு பற்றி எரித்துவிட்டால் என்ன செய்வேன்?

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு யென்ஸ் கிழவர் மேலே ஏறி வந்தார். உம்முடைய மீன் மணத்துக்கு ஒரு காலத்தில் முகம் சுளித்தவர்தான், பிறகு நீர் பட்டீஸ் பொரித்துக் கொடுத்து வழிக்குக் கொண்டுவந்தீர். தன் போனிலேயே பூட்டுத் திறக்கிறவனுக்கு அடித்துச் சொன்னார். பிறகு, அடுப்பு எரிகிறதா, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

அடுப்பை அணைத்துவிட்டோம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஆரணி, "அம்மா இருக்கிறா" என்றாள். டேனிஷில் அது இரண்டு மூன்று சொல்தான்.

யென்ஸ் உம்முடைய செத்தவீட்டுக்கு வந்து பூ வைத்தவர். அவர் என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். கீழே போய்க் கம்பளித் துணி ஒன்றைக் கொண்டுவந்து அவளுடைய காலில் சுற்றிவிட்டுப் போனார். அவர் போன பிறகு பிள்ளை அழுதாள், தவம். எரிக்கிற இடத்தில்கூட அழாதவள், படிக்கட்டில் குந்தியிருந்து, என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கே யாராவது ஆறுதல் சொன்னால் தேவலை என்றிருந்தது.

பூட்டுக்காரன் வந்து சேர நெடுநேரமாகிவிட்டது. திறக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. விளக்கு எண்ணெய் வற்றித் தானாகவே நூர்ந்துபோயிருந்தது. வீடு முழுக்க றால் மணம். உம்முடைய தட்டு வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. பாலாடை கட்டிப்பட்டு, ஸ்பகெட்டி ஒன்றோடொன்று ஒட்டிப்போய்க் கிடந்தது. நான் வேறு என்னத்தைக் கண்டேன்? ஒரு நூல்கூடக் குறையவில்லை. அதைப் பார்த்த அந்த நேரத்தில்தான் நீர் செத்துப்போனது எனக்குச் சரியாகத் தெரிந்தது.

தட்டைச் சூடாக்க எடுத்தேன். ஆரணி என் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம் அப்பா. அம்மா எப்பவும் ஆறினதைத்தான் சாப்பிட்டவா."

தமிழில் சொன்னாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் வாயில் வந்த தமிழ் அது.

மிச்சத்தையும் அவள்தான் சொன்னாள். எங்கள் இருவருக்கும் தட்டைத் தந்துவிட்டு நீர் யன்னலைத் திறப்பீராம். மணம் நின்றால் மேல்வீடு கீழ்வீடு முறைப்பாடு சொல்லும் என்று சட்டியைக் கழுவுவீராம். றால் கோதைப் பையில் கட்டி, உடனேயே முற்றத்துக் குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோவீராம். திரும்பி வந்து, குசினி மேசையோரம் நின்றபடி, ஆறினதை நாலு வாயில் அள்ளிப் போட்டுக்கொள்வீராம். ஆரணி தன் தட்டோடு வந்து உமக்குப் பக்கத்தில் நிற்பாளாம். நீங்கள் இருவரும் தமிழ் கதைத்தது அந்த நேரத்தில்தானாம்.

நான் அப்போது அடுத்த அறையில் இருந்தேன். ஒருக்காலாவது சொல்லியிருக்கக் கூடாதா, தவம்? சொன்னால் நான் கோதைக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கமாட்டேனா? இல்லை, அந்த நேரம் பிள்ளையோடு உமக்கென்று இருக்கட்டும் என்று விட்டீரா?

ஆரணி கோதுப் பையைக் கையில் எடுத்தாள். அதை நான் வாங்கிக்கொண்டு கீழே இறங்கினேன். சரியான குளிர். தொட்டி மூடியைத் திறந்து போட்டுவிட்டு, எங்கள் குசினி யன்னலை அண்ணாந்து பார்த்தேன். வெளிச்சத்தில் அவளுடைய தலை தெரிந்தது. இந்த மாத முடிவில் அந்த யன்னலில் ஒருவரும் தெரியமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மேலே வந்தால் பிள்ளை மேசையில் இருக்கிறாள். இரண்டு தட்டுப் போட்டிருக்கிறது. தன்னுடையதை அவள் தொடவே இல்லை.

"ஏன் பிள்ளை சாப்பிடேல்லை?"

"நீங்கள் வரட்டும் எண்டு இருந்தனான்."

உம்முடைய தட்டில் இருந்ததையும் பிரித்துப் போட்டுச் சாப்பிட்டோம். றால் சுருண்டுதான் போயிருந்தது. ஆறின பாஸ்தா நல்ல சாப்பாடில்லை, தவம், தொண்டையில் ஒட்டுகிறது. இவ்வளவு காலமும் இதையா சாப்பிட்டீர்?

அவள் போகத்தான் போகிறாள். ஒரு தட்டு பாஸ்தாவுக்காக ரயில் நிற்காது. ஆனால் எழும்பும்போது, முதல் விடுமுறையில் வாற புதன்கிழமைக்குத் தான் வருவதாகவும், கோதோடு இருக்கிற றாலாகப் பார்த்து வாங்கும்படியும் சொன்னாள். வருவாளோ, வராளோ. ஒரு பை இப்போதே வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பெரியக்கா வந்துவிட்டுப் போகும்வரை அது யென்ஸின் குளிர்ப்பெட்டியில் இருக்கும்.

உமக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும், புதன்கிழமையில் இந்த அடுப்பில் தண்ணீர் கொதிக்கும். யன்னலை நான் திறப்பேன், சட்டியை நான் கழுவுவேன், கோதை நான் கொண்டுபோய்க் கொட்டுவேன். கதவைச் சாத்தும்போது திறப்பு என் சட்டைப்பையில் இருக்கும். உம்முடைய தட்டைத்தான் முதலில் போடுவேன், ஆவி பறக்கப் பறக்க. "பிறகு" என்று சொல்லாமல், இருந்து சாப்பிடும்.

இப்படிக்கு,
உம்முடைய ஆரணியின் அப்பா